மணி கொழுத்த கதை

ஏத்தா மருமகளே, செத்த இப்படி வந்து உக்காரு. ஒண்ணும் வையமாட்டேன். ரெண்டு பேருமா இந்தச் சின்ன வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே பேசுவோம். உனக்குக் கண்ணுல தண்ணி வந்தாலும், மாமியா பேச்சுல வந்துச்சா வெங்காயத்துல வந்துச்சான்னு ஊருக்குத் தெரியாது பாரு.

நம்ம தெரு மணியைக் கவனிச்சியா? மூணு மாசத்துக்கு முந்தி நான் எட்டயபுரத்துல பஸ் ஏறி இங்கன கோவில்பட்டிக்கு வந்து எறங்கினப்போ, அவன் விலா எலும்பைத் தூரத்துல நின்னே எண்ணிப்புடலாம். இப்போ கல்யாண வீட்டுத் தவசுப்பிள்ளை கணக்கா தொந்தியைத் தூக்கிக்கிட்டு நடக்கான். சாயங்காலம் நாலேகால் ஆச்சுன்னா நம்ம வாசப்படியில வந்து உக்காந்துக்கிடுதான். வேன் ஹாரன் கேட்டதும் எந்திரிச்சு வாலை ஆட்டுதான். புள்ளைக வந்துருச்சேன்னு சந்தோசப்படுதான்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்கே. அவன் கண்ணு தோள்ல தொங்குத சாப்பாட்டுப் பையில இருக்கு தாயீ.

குத்தமாச் சொல்லலத்தா. வாயில்லாச் சீவனுக்குச் சோறு போடுதது புண்ணியம். அதுவும் நீ போடுத சோறு லேசுப்பட்ட சோறா? திங்கக்கிழமை பாஸ்தா. செவ்வாக்கிழமை கடல் தாண்டி வந்த என்னமோ ஒரு தானியம், கினோவாவாம், கிலோ விலையைக் கேட்டு எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துச்சு. புதன்கிழமை அந்தப் பச்சைப் பூக்கோசு. அன்னைக்கு மட்டும் மணி மோந்து பாத்துட்டு, காலால மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டான். அவனுக்கும் ஒரு கவுரவம் உண்டுல்ல.

காலையில போற டப்பாவை நீ பாக்கே. சாயங்காலம் வார டப்பாவை நான் பாக்கேன். அதனாலதான் நீ இம்புட்டு நிம்மதியா இருக்கே, எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. டப்பாவை மூடுததுக்கு முந்தி செல்போன்ல படம் பிடிச்சு வாட்ஸாப்புல போடுதியே, அதுல கேரட்டு பூவா மலர்ந்திருக்கு, வெள்ளரிக்கா நட்சத்திரமா மின்னுது. பதிலுக்கு நாப்பது அம்மாமாரு கை தட்டுத பொம்மை அனுப்புதாக. நான் ஒண்ணுதான் கேக்கேன், அந்தப் பூவும் நட்சத்திரமும் அப்படியே வாடாம வதங்காம திரும்பி வருதே, அதையும் ஒரு படம் எடுத்துப் போட்டா என்ன? நாப்பது பேருல முப்பத்தெட்டு பேரு வீட்டுலயும் அதே கதைதான் நடக்கும். ஒருத்திக்கொருத்தி ஆறுதலா இருக்கும்.

சின்னவன்கிட்ட பைய விசாரிச்சேன். நீ கேட்டா 'எல்லாம் சாப்பிட்டேம்மா'ம்பான். எங்கிட்ட பொய் சொல்லமாட்டான், நானும் அவனைப் போட்டுக் குடுக்கமாட்டேன், இன்னைக்கு மட்டும் விதிவிலக்கு. மத்தியான மணி அடிச்சதும் கை கழுவ ஒரு வரிசை, தண்ணி பிடிக்க ஒரு வரிசை, ஒண்ணுக்குப் போக ஒரு வரிசை. அது முடிஞ்சா கிரவுண்டுல பந்து காத்துக்கிட்டு இருக்கும். நடுவுல சாப்பாட்டுக்குன்னு ஐயா ஒதுக்கி வச்சிருக்குத நேரம் பத்து நிமிசம். பத்து நிமிசத்துக்குள்ள தொண்டையில எறங்கினது அவனுக்கு, மத்தது மணிக்கு. நீ கரண்டி, முள்கரண்டி, நாலு அறை வச்ச டப்பா, ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடின்னு குடுத்துவிடுதே. மூடியைத் திறந்து முடிக்கதுக்குள்ள பெல் அடிச்சிருது.

இன்னொண்ணு கேக்கேன், கோவிக்காதே. காலையில ஆறரைக்கு முறுகலா நெய்த்தோசை சுட்டு மடிச்சு வைக்கியே, அது பன்னெண்டே முக்காலுக்கு எப்படி இருக்கும்னு என்னைக்காவது தின்னு பாத்திருக்கியா? நான் பாத்தேன். போன வியாழக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தப்போ, மிச்சம் கிடந்த தோசையை அதே மாதிரி டப்பாவுல அடைச்சு வச்சிருந்து மத்தியானம் கடிச்சேன். பல்லுசெட்டு தோசையோட வந்துருச்சு. நாளைக்கு நீ புள்ளைகளுக்குக் கட்டும்போது உனக்கும் ஒரு டப்பா கட்டு. அடுப்பங்கரை மேடையில வச்சிரு. சூடு பண்ணாதே. பன்னெண்டே முக்காலுக்குத் திறந்து, பத்து நிமிசத்துல தின்னு முடி. ஒரு வாரம் இப்படிச் செய்தியன்னா சமையல் புஸ்தகம் எதுவும் வாங்க வேண்டாம், எங்கிட்டயும் இப்படி வந்து உக்காந்து பேச்சு வாங்க வேண்டாம்.

ஆறிப்போய்த் திங்கத சோத்துக்குன்னு ஒரு பக்குவம் இருக்குத்தா. காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோன சனம் கண்டுபிடிச்ச பக்குவம் அது. முதல்ல ஆவி. குக்கர்ல இருந்து எடுத்த கொதி சோத்தை அப்படியே டப்பாவுல அமுக்கி, மூடியைத் திருகி, பையில போட்டு ஜிப்பு இழுத்துருதே. உள்ள ஆவி வேர்த்து மூடியில முட்டி, சொட்டுச் சொட்டா சோத்து மேலயே விழும். பதினோரு மணிக்கெல்லாம் நூல் விட ஆரம்பிச்சிரும். தாம்பாளத்துல பரப்பு, ஃபேனுக்கடியில பத்து நிமிசம் வை, பெறவு அடை. முக்கா டப்பாதான் நெறக்கணும். வாழையிலை வாட்டி அடியில விரிச்சா வாசமும் நல்லா இருக்கும், டப்பா கழுவுத எனக்கும் வேலை மிச்சம். பேப்பர்ல மட்டும் எதையும் மடிச்சு வைக்காதே. அச்சு மையி எண்ணெயில ஊறி வயித்துக்குள்ள போகுதுன்னு 2023-லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டுச்சு. நாட்டு நடப்பை வடை மடிச்ச பேப்பர்ல படிச்சு வளந்தவ நான், எனக்கே அது தெரியும்.

தேங்காச் சட்னி வேண்டாம், மத்தியானத்துக்குள்ள சளிச்சுப்போகும். அதுக்குப் பதில் பொடி. இட்லியைச் சின்னச் சின்னதா ஊத்தி, ஆறினதும் நல்லெண்ணெயில குழைச்ச பொடியை மேலயும் கீழயும் பூசி விடு. எண்ணெய் பட்ட இட்லி காயாது. பொடியில உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும் இருக்கு, அதுவே பாதி வெஞ்சனம். விரலால ஒண்ணொண்ணா எடுத்து வாயில போட்டுக்கிட்டே பந்தைத் தேடி ஓடலாம். சின்னவன் பத்து நிமிசத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சாப்பாடு அதுதான்.

தயிர்ச்சோறு புளிச்சிருச்சுன்னு ஒருநாள் டப்பாவோட திருப்பிக் கொண்டாந்தானே. காலையிலேயே தயிரை ஊத்திப் பிசைஞ்சா மத்தியானம் வரைக்கும் அது சும்மா இருக்குமா? சோறு சூடா இருக்கும்போதே பாலை விட்டுக் குழைய மசி. கை பொறுக்குத சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு சின்னக் கரண்டித் தயிர் போட்டுக் கிளறி விட்டுரு. அது பாட்டுக்குப் பையில ஆடி ஆடிப் போய், பன்னெண்டே முக்காலுக்குத்தான் தயிராகி முடிஞ்சிருக்கும். மேல மாதுளை முத்து நாலு தூவு. தப்பில்ல, உன் படத்துக்கும் ஆச்சு.

சோறு புளிச்ச கதையைச் சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ராத்திரி மிஞ்சின சோத்தை அடுப்பு மேலயே விட்டுட்டு, விடிஞ்சதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தாளிச்சுக் குடுத்துவிட்டியே, அதை நான் பாக்கலன்னு நெனச்சியா? சூட்டோட மூடிக்கிடந்த சோத்துல ஒரு கிருமி கிளம்பும், அது விட்டுப்போன நஞ்சு திரும்ப வதக்கினாலும் சாகாதுன்னு எங்கூரு நர்சம்மா சொல்லுவாக. மிச்சச் சோத்துல பண்ணித்தான் ஆகணும்னா ஆறினதுமே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிரு. இல்ல, வெள்ளனே அஞ்சு நிமிசம் முந்தி எந்திரிச்சு ஒரு உழக்கு அரிசி போட்டுப் புதுச் சோறு வடி. எலுமிச்சை, புளி, நல்லெண்ணெய் மூணும் கட்டுச்சோத்துக்குக் காவக்காரங்க. அதுல ஒரு கைப்பிடி நிலக்கடலையை வறுத்துக் கொட்டு. முப்பது கிராம் கடலையில ஏழு கிராம் புரதம். ஒரு முட்டையில ஆறு. நம்ம கரிசக்காட்டுல வெளையுதது, கினோவா வாங்குத காசுக்கு மூட்டையே கட்டித் தூக்கிட்டு வரலாம்.

முட்டைன்னதும் எனக்குச் சிரிப்புதான் வருது. எதுத்த வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. அவ மவன் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல மூணாப்பு. காலையில அங்கனயே சுடச்சுட உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, காய்கறிச் சாம்பாரோட. இந்தக் காலைச் சாப்பாட்டை 2022 செப்டம்பர்ல மதுரையில வச்சு ஆரம்பிச்சாக, அடுத்த வருசமே ஊரு நாட்டுல இருக்குத எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு. மத்தியானம் சத்துணவு, அதுலயும் தெனம் ஒரு முட்டை. முட்டை திங்காத புள்ளைக்கு வாழப்பழம். நம்ம புள்ளைக போற பள்ளிக்கூடத்துல? 'முட்டை கொண்டுவரக் கூடாது, பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைகளுக்கு வாடை ஒத்துக்கிடல'ன்னு டைரியில எழுதி அனுப்புதாக, நீயும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கே. இனாமாப் படிக்கிற புள்ளை வாரம் அஞ்சு முட்டை திங்குது. பீசு கட்டுத புள்ளை வாசத்துக்குக்கூட ஒண்ணு கிடைக்காம இருக்கு. பணம் கட்டித்தான் பட்டினி கிடக்கணும்னு எந்த ஊரு நாயத்தா அது?

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியலன்னா விடு, காலையில வீட்டுல குடு. ஒண்ணு பேசி முடிச்சிருவோம். உன் வீட்டு முட்டை நாறுதது முட்டையோட குத்தமில்ல. அரை மணி நேரம் கொதிக்க விட்டு, மஞ்சக்கருவைச் சுத்திப் பச்சை வளையம் போடுத வரைக்கும் வேக வைக்கே. தண்ணி கொதிச்சு பத்து நிமிசம் போதும். எடுத்துப் பச்சத்தண்ணியில போட்டுரு. வாடை பாதியாக் கொறஞ்சிரும்.

நான் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னா நீ நம்பமாட்டே. 1956-ல காமராசர் எங்க எட்டயபுரத்துல வச்சுத்தான் மதிய உணவை ஆரம்பிச்சாக. எனக்கு எட்டு வயசு. அதுவரைக்கும் ஆடு பத்திக்கிட்டுத் திரிஞ்சவ. எங்கம்மா ஒரு அலுமினியத் தட்டைக் கையில குடுத்து 'போ, சோறு போடுதாகளாம்'னு வெரட்டி விட்டா. படிக்கப் போனேன்னா நெனச்சே? சோத்துக்குப் போனேன். படிப்பு தட்டுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அஞ்சாப்பு வரைக்கும் ஒட்டுச்சு. அதுக்கும் முந்தி, 1920-லயே மெட்ராசுல ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல, ஒரு புள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிஞ்சாமச் சாப்பாடு போடணும்னு தியாகராயச் செட்டியார் காலத்துல தீர்மானம் போட்டாகன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. ஒரு அணாத்தா! உன் டப்பாவுல கிடக்குத ஒரு செர்ரிப் பழத்துக்கு அந்தப் பள்ளிக்கூடமே ஒரு வேளை சாப்பிட்டிருக்கும்.

உம் புருசன் மட்டும் என்ன, ஆகாசத்துல இருந்து குதிச்சானா? 1982-ல எம்ஜிஆர் ஆரம்பிச்ச சத்துணவுல வளந்த உடம்பு அது. 1989-ல கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு போட ஆரம்பிச்சப்போ இவனுக்கு எட்டு வயசு. முட்டை போடுத அன்னைக்குக் காச்சல் அடிச்சாலும் துண்டைப் போத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவான். இப்போ அவன்தான் 'புள்ளைகளுக்கு ஏதாச்சும் இம்போர்ட்டடா வாங்கிக் குடு'ங்கான். கேட்டியா?

இம்போர்ட்டடுன்னதும் அலமாரியில இருக்குத அந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வருது. மேல கேழ்வரகுக் கதிரு படம், 'மில்லட் குக்கீஸ்'னு கொட்டை எழுத்து. உலகமே கூடி 2023-ஐச் சிறுதானிய வருசம்னு சொல்லிச்சு பாரு, அதுக்குப் பெறவு கம்பும் கேப்பையும் கூடுதலா அட்டைப்பெட்டிக்குள்ள ஏறுச்சு. அதுக்கு முந்தி கம்பங்கஞ்சி குடிச்சவனைப் பட்டிக்காட்டான்னாக. பெரியவளைக் கூப்பிட்டுப் பின்பக்கத்துல இருக்குத எறும்பு எழுத்தை வாசிக்கச் சொன்னேன். எது எடையில கூடுதலோ அதைத்தான் முதல்ல எழுதணுமாம், அதுதான் சட்டமாம். முதல்ல மைதா. ரெண்டாவது சீனி. மூணாவது பாமாயில். நாலாவதா ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு நம்ம கேப்பை, கல்யாண வீட்டுக்கு அழையாம வந்த சொந்தக்காரன் மாதிரி.

அந்தப் பால்ல கலக்குத பொடி டப்பாவும் அதே கூத்துதான். 'சத்துபானம்'னு ஒரு வகையே உணவுச் சட்டத்துல கிடையாது, அந்தப் பேருல விக்காதீகன்னு மத்திய அரசாங்கம் 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைக்காரங்களுக்குத் தாக்கீது அனுப்புச்சு. நீ இன்னும் அதை ரெண்டு கரண்டி குமிச்சுப் போடுதே. சீனிதான் வேணும்னா சீனியையே போடு தாயீ, விலை கம்மி.

இன்னொரு சட்டம் இருக்கு. உப்பும் கொழுப்பும் சீனியும் மிஞ்சின பண்டத்தைப் பள்ளிக்கூட வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள விக்கப்படாதுன்னு 2020-லயே விதி எழுதியாச்சு. வண்டிக்காரன் பாவம், அடி வச்சு அளந்து தள்ளி நிக்கணும். நீ மட்டும் வீட்டுலயே ஒரு சிப்ஸ் பொட்டலத்தைப் பையில செருகி, வாட்ச்மேனுக்குத் தெரியாம நேரா வகுப்புக்குள்ளயே அனுப்பி வைக்கே. உன் சாமர்த்தியம் அந்த வண்டிக்காரனுக்கு வருமா?

சிறுதானியம்னதும் நான் தோத்த கதையையும் சொல்லிப்புடுதேன், இல்லன்னா மனசுக்குள்ள என்னைத் திட்டுவே. போன மாசம் உனக்கு உடம்பு முடியாம இருந்த அன்னைக்கு நானே டப்பா கட்டினேன்ல. எங்கூருக் குதிரைவாலியில தயிர்ச்சோறு. 'எங்க காலத்துல'ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசிட்டு வேற கட்டினேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தா உள்ள ஒரு செங்கல்லு. கவுத்தித் தட்டினாலும் விழல. ஆற ஆற அது இறுகிப்போகும், அது எனக்கும் தெரியும், ஆனா சூடா இருக்கும்போதே தின்னு பழகின வாய்க்கு அந்த ஞாபகம் எங்கன இருக்கு? மணி கூட அதை எதுத்த வீட்டு வாசல் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போய் வெளையாடினான். ஆக, சிறுதானியத்துல சோறு கட்டாதே. கேப்பையை முளைகட்டி அரைச்சு தோசை மாவுல பாதிக்குப் பாதி கலந்துக்க. பாலை விட எடைக்கு எடை சுண்ணாம்புச் சத்து அதுல கூடுதல். கம்மம்மாவுல வெல்லம் போட்டு உருண்டை பிடி. கௌரவமா உள்ள போயிரும்.

உனக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. வகுப்புல ஒரு சந்தை நடக்குது. பத்தே முக்கா இன்டர்வெல்லுல கூடும், பதினொண்ணுக்குக் கலையும். ஒரு கடலைமிட்டாய்க்கு ரெண்டு கிரீம் பிஸ்கட்டு. ஒரு கொழுக்கட்டைக்கு நாலு பேரு ஏலம். அவிச்ச நிலக்கடலைக்கு விலையே கிடையாது, யாரும் விக்கமாட்டாகளாம். பனங்கிழங்கு சீசன்ல ஒரு பய கட்டு கட்டாக் கொண்டாந்து அரசன் கணக்கா உக்காந்திருந்தானாம். உன் பச்சைப் பூக்கோசுக்கு என்ன விலைன்னு கேட்டேன். சும்மா குடுத்தாலும் யாரும் வாங்கல ஆச்சிங்கான்.

அந்தச் சந்தையைப் புரிஞ்சுக்கிட்டு டப்பா கட்டுத்தா. நம்ம ஊரு கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடே குடுத்திருக்காக. வாசல்ல வெளையுததை விட்டுட்டு நீ பெட்டிக்கடையில ஜெல்லி வாங்குதே. அதுக்காகத் தெனமும் குடுக்காதே, வெல்லம் பல்லுல ஒட்டும், என்னைப் பாரு. ஒருநாள் மிட்டாய், ஒருநாள் தட்டாம்பயத்துச் சுண்டல், ஒருநாள் கொய்யாப்பழம். கொய்யாவுல இருக்குத சி சத்து எடைக்கு எடை ஆரஞ்சை விடப் பல மடங்கு, ஆப்பிளைப் பக்கத்துலயே சேக்க முடியாது. ஆனா ஆப்பிள்தானே காச்சல்காரனைப் பாக்கப் போகும்போது வாங்கிட்டுப் போற பழம், அதனால அதுக்குத்தான் மதிப்பு.

சரி, இப்போ சிரிக்காமக் கேளு. பெரியவ டப்பா காலியா வருதுன்னு நீ பெருமைப்பட்டே. நான் அவ பையைத் துவைக்கையில பாத்தேன், அடியில ஒரு பிளாஸ்டிக் கவரு, கவருக்குள்ள சோறு. எட்டாப்பு படிக்கிறவளுக்கு இடுப்பு தெரியணும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காக. தண்ணி பாட்டிலும் முழுசா வருது. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் போகப் பிடிக்காம தண்ணியே குடிக்காம இருக்கா. முகம் வெளிறிக்கிடக்கு, கண்ணு எமையைத் தாழ்த்திப் பாரு, ரத்தமே இல்ல. 2019-21-ல எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்புல, நம்ம தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்குத பொம்பளைகள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு கண்டாகளாம், நர்சம்மாதான் சொன்னாக. அந்தப் பாதியில நீயும் இருக்கே, எனக்கு உன் நகத்தைப் பாத்தாலே தெரியும். வீட்டுல ஒரு முட்டை இருந்தா அது யாரு தட்டுக்குப் போகுது? சின்னவனுக்கு. ஏன், ஆம்பளப்புள்ளை. இதை உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான், அதனால இந்த இடத்துல உன்னை வைய எனக்கு வாய் வரல.

கொல்லையில முருங்கை நிக்குது. காசா பணமா? அரிசி ரெண்டு பங்கு, பருப்பு வகை எல்லாம் சேத்து ஒன்றரைப் பங்கு, ஊற வச்சுக் கொறகொறன்னு அரைச்சு, கீரையை உருவிப் போட்டு அடை சுடு. ஆறினாலும் மெத்துன்னு இருக்கும். கூடவே ஒரு துண்டு நெல்லிக்கா, இல்லன்னா எலுமிச்ச ஊறுகா. புளிப்பு இருந்தாத்தான் கீரையில இருக்குத இரும்பு ஒடம்புல நல்லாச் சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அதே இரும்பை டீ தட்டிப் பறிச்சிரும். 'ஆச்சி சுட்ட அடை'ன்னு சொல்லாதே, திங்கமாட்டா. அவ சிநேகிதப் புள்ளைகளுக்கும் சேத்து அஞ்சு வச்சுவிடு. பக்கத்துல உக்காந்து நாலு பேரு தின்னா இவளும் தின்பா.

'இம்புட்டையும் எப்போ அத்தே செய்ய, ஏழரைக்கு வேன் வந்துருதே'ங்கே. நாயமான கேள்வி. எம்மவன் எங்கே? சோபாவுல படுத்துக்கிட்டு, ஒரு பெருவிரலால உலகத்தையே தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டு இருக்கான். நீ ஒண்ணும் சண்டை போட வேண்டாம். ராத்திரி அவன் முன்னால இந்தச் சொளவை வை, வெங்காயத்தைக் கொட்டு, 'வியாபாரத்துல உங்களை மாதிரி கணக்குப் பாக்க யாரால முடியும்'னு சொல்லிக்கிட்டே பக்கத்துல உக்காரு. விரல் பாட்டுக்கு உரிக்கும். பீன்ஸும் கேரட்டும் ராத்திரியே நறுக்கலாம். வெண்டைக்காயை மட்டும் காலையில நறுக்கு, இல்லன்னா நூலா இழுக்கும். முள்ளங்கியை டப்பா பக்கமே கொண்டுபோகாதே. ஒருநாள் நீ குடுத்துவிட்டப்போ ரெண்டு பெஞ்சு காலியாப் போச்சாம்.

உரிச்சாச்சா? எந்திரி, அம்புட்டுத்தான். கண்ணைத் தொடை, உம் புருசன் வாரான்.

ஏத்தா, ஒரு மாசமாச்சு, ஒண்ணு கேட்டியா? சின்னவன் 'ஆச்சி, மணியைக் காணோம், மணியைக் காணோம்'னு ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு இருந்தான். எனக்கும் விசாரமாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் நாலேகாலுக்கு வாசல்ல போய் நின்னேன். வேன் வந்துச்சு, புள்ளைக எறங்கிச்சுக, டப்பாவைத் திறந்தேன், அடியில நாலு பருக்கை, ஒரு கருவேப்பிலை. அதை வச்சு நாயை எப்படிக் கூப்பிட?

மணி எங்கேயும் தொலைஞ்சுபோகல. மூணு வீடு தள்ளி, புதுசாக் குடிவந்திருக்காகளே, பேங்குக்காரரு வீடு, அந்த வாசல்ல காலை நீட்டிப் படுத்திருக்கான். என்னைப் பாத்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். நானும் எட்டிப் பாத்தேன். அந்தம்மா ஒரு டப்பாவைக் கவுத்திக்கிட்டு இருந்துச்சு. நட்சத்திரம் நட்சத்திரமா விழுந்துச்சுத்தா.

ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளையை இங்கன வரச்சொல்லு. காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும். ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கி வச்சிரு.